முன்னறைச் சாவி

என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு சாவி தொங்குகிறது. விரல் நீளத்துக்கு இரும்புச் சாவி, காதில் சிவப்பு நூல் கட்டியது. நூல் சிவப்பு என்று நான் சொன்னால்தான் இப்போது நம்புவீர்கள். வேப்பம்பட்டில் இந்த மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்தபோது என்னுடன் வந்த சொற்ப சாமான்களில் அதுவும் ஒன்று. இந்த வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அது சேராது. போன மாதம் ஸ்விட்ச் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இன்னா சாவி சார் இது, ஜெயில் சாவி மாதிரி கீது?" என்றார். தபால் பெட்டியில் கிடைத்தது என்றேன். "தபால் பெட்டி சாவியா?" என்று கேட்டார். இல்லையப்பா, தபால் பெட்டிக்குள்ளே கிடைத்த சாவி என்றேன். பெரியவருக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. வேலையை முடித்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நான் தபால் இலாகாவில் மெயில் ஓவர்சியராக இருந்தேன். பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய உத்தியோகம் போல இருக்கும். செய்தது நடை. கிராமத்துத் தபால்காரர்கள் அவரவர் சுற்றுக்கு ஒழுங்காகப் போகிறார்களா, மூலைமுடுக்கில் மாட்டியிருக்கிற பெட்டிகளைத் திறந்து கடுதாசி எடுக்கிறார்களா என்று பார்த்துவர வேண்டும். அதற்கு இலாகா ஓர் உபாயம் வைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் எழுத்து பொறித்த சின்ன முத்திரை கிடக்கும். பெட்டியைத் திறந்த தபால்காரர் அதைத் தன் புத்தகத்தில் குத்திக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு போனேன் வந்தேன் என்று கதை விட முடியாது. பின்னாலேயே நான் போய் என் புத்தகத்திலும் குத்திக்கொள்வேன். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். பொன்னேரிக்கு அப்பால் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரைக்கும், மணலும் தாழம்புதரும் சவுக்குமாகக் கிடக்கிற ஏரிக்கரைப் பொட்டலில், ஒரு வளர்ந்த மனிதன் பெட்டி பெட்டியாகத் தேடிப் போய் முத்திரை குத்திக்கொண்டு திரிந்தான். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

நடை எனக்குப் பிரச்சினை இல்லை. பொழுது சாய்ந்தால் எங்கே படுப்பது என்பதுதான் என் வாழ்க்கைப் பிரச்சினை. காரணம் என் இருமல். சிறு வயதிலிருந்தே என்னோடு இருக்கிற வறட்டு இருமல் அது. வியாதி இல்லை என்று பல டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இருமல் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. படுத்தால் வரும், உப்புக்காற்று பட்டால் இன்னும் நன்றாக வரும். என் சோதனையெல்லாம் திடீர்ச் சோதனையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நான் ஊருக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, "ஓவர்சியர் வராருடோய்" என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொன்னேரிச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சியோடு நான் சமாதானமாகப் போனாலும், பக்கத்தில் படுத்த வியாபாரிகள் என்னோடு சமாதானமாகப் போகவில்லை. "யோவ், வெளிய போய் இருமிட்டு வாய்யா" என்று ஒருவர் என் படுக்கையையே சுருட்டி வாசலில் வைத்தார். பயணியர் விடுதிக் காவல்காரர் ஆபீசர் அல்லாத ஆளை உள்ளே விடமாட்டார். பள்ளிக்கூடங்களில் வௌவால். கிளை போஸ்ட்மாஸ்டர் ஒருவர் பெரிய மனது பண்ணி மாட்டுக்கொட்டகையில் இடம் கொடுத்தார். என் இருமலைக் கேட்டு மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. எனக்கு வேண்டியிருந்தது பட்டு மெத்தை இல்லை. இருமினால் யாரும் திட்டாத ஓர் இடம், அவ்வளவுதான்.

வீட்டில் அந்த இடம் இல்லையா என்றால், இருந்தது. திருவள்ளூர் மணவாள நகரில் ஒரு போர்ஷன். ஆனால் அங்கே திட்டவும் ஆள் இல்லை. என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் திருவாலங்காட்டுக்குத் தாய்வீடு போனவள். அவளும் திரும்பவில்லை, குழந்தையும் வரவில்லை. கல்யாணமாகி அவள் என்னோடு இருந்தது கொஞ்ச காலம்தான். அந்தக் கொஞ்ச காலத்தில் நான் இருமும்போதெல்லாம் தூக்கத்திலேயே கையை நீட்டி என் முதுகைத் தட்டிக்கொடுப்பாள். காலையில் கேட்டால், "நானா தட்டினேன்?" என்பாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் படுக்க எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற ஓவர்சியர்கள் சுற்றுக்குப் போக மூக்கால் அழுவார்கள். நான் மட்டும் எப்போது புறப்படலாம் என்று காத்துக்கொண்டிருப்பேன். வீட்டில் தனியாக இருப்பதைவிட வெளியூரில் தனியாக இருப்பதில் ஒரு நியாயம் இருந்தது.

பழவேற்காட்டுக்குச் சற்று வடக்கே, ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு குப்பம். மீன் பிடிக்கிறவர்கள் குடிசைகளுக்கு நடுவே ஓடு போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். அது கருவாடும் இறாலும் மொத்தமாக வாங்கி மதராசுக்கு அனுப்புகிற ஒரு பாயின் வீடு. அந்தச் சுற்றில் கடைசிப் பெட்டி அவர் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருந்தது. மனுப் போட்டு, அலைந்து, வியாபாரக் கடுதாசிகளுக்காக அதை வாங்கியவரே அவர்தான். முதல் தடவை நான் போனபோது பொழுது இறங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து முத்திரை குத்திக்கொண்டு, ராத்திரிக்கு எங்கே போவது என்று யோசித்தபடி இருமிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து பாய் வந்தார். பருத்த உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த இருமலை வச்சிக்கினு எங்க சார் போவப் போறீங்க? உள்ள வாங்க" என்றார்.

வீட்டின் முகப்பில், தெருவைப் பார்த்துத் தனிக்கதவு வைத்த ஓர் அறை இருந்தது. மதராசிலிருந்து வரும் வியாபாரிகள் தங்குவதற்காகக் கட்டியது. முன்னறை என்பார்கள். உள்வீட்டுக்குப் போகிற கதவில் ஒரு பச்சைப் படுதா. இரும்புக் கட்டில், அதன் மேல் வெள்ளைக் கொசுவலை, ஒரு முக்காலி, மூடி போட்ட மண்பானை. கொசுவலையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஏரிக்கரைக் கொசுவிடம் கடிபட்டவர்களுக்குத் தெரியும். அன்று இடியாப்பமும், ஆணம் என்று அவர்கள் சொல்கிற இறால் குழம்பும் சாப்பிட்டேன். சாப்பிட்டதைத் திருவாலங்காட்டுச் சொந்தக்காரர்களிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. படுத்ததும் வழக்கம்போல இருமல் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டதைப் பாய் பார்த்துவிட்டார். "அடக்காதீங்க சார். நெஞ்சு கெட்டுடும். இது நம்ம ஊடு, தாராளமா இருமுங்க" என்றார். என் வாழ்நாளில் என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் படுதா விலகியது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஒரு டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு மறைந்தது. மிளகும் சுக்கும் சித்தரத்தையும் இடித்துப் போட்டு, பனங்கற்கண்டு சேர்த்த கஷாயம். அதுதான் பாயம்மா. அந்தக் கையைத் தவிர நான் அவரைப் பார்த்ததில்லை. பாயைவிட வயதில் இளையவரா, மாநிறமா, ஒல்லியா, எதுவும் தெரியாது. குரல் மட்டும் தெரியும். "கஷாயம் சூடா கீது, ஊதிக் குடிக்கச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து பாயிடம் சொல்லும். பாய் என்னிடம், "ஊதிக் குடிக்கணுமாம்" என்பார். நான் பாயிடம், "ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்பேன். இரண்டு முழம் தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவே அந்த மனிதர் அலுக்காமல் தபால் நடத்தினார். ஒருமுறை நோன்பு மாதத்தில் போய்விட்டேன். அவர்கள் நோன்பு திறக்கும் நேரத்தில் எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வந்தது. "தொண்டைக்கு இதமா இருக்கும்னு ஊட்ல சொல்றாங்க" என்றார் பாய். குழந்தைகள் இல்லாத வீடு அது. இரண்டு பேரும் ஓயாமல் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சும், நடுநடுவே வளையல் சத்தமுமாகக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

மாதம் ஒரு தடவை, ஒரு வியாழக்கிழமை, அந்தக் குப்பத்தில் என் இரவு. திடீர்ச் சோதனைக்கு எல்லா மாதமும் வியாழக்கிழமையா என்று இன்ஸ்பெக்டர் ஒருமுறை கேட்டார். பஸ் வசதி அப்படி சார் என்று சொல்லி வைத்தேன். வருஷங்கள் இப்படிப் போயின. பிறகு ஒரு வியாழக்கிழமை பெட்டியருகில் போனால், குப்பத்துத் தபால்காரர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வாயில் எப்போதும் வெற்றிலை, யாரைக் கண்டாலும் கிண்டல் என்று இருக்கிற மனிதர். அன்று வெற்றிலை இல்லை. "பாய் பூட்டாரு சார். கணக்கு பாத்துக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். முன்னறை பூட்டியிருந்தது. உள்வீட்டில் பாயம்மா இத்தா இருக்கிறார் என்று சொன்னார்கள். கணவன் இறந்தபின் நாலு மாதத்துக்கு மேல் வெளி ஆண் முகம் பாராமல் இருக்கிற இருப்பு. நான் பெட்டியைத் திறந்து முத்திரையைக் குத்திக்கொண்டு, சத்தம் போடாமல் நடையைக் கட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தங்குவதைப் பற்றி நினைக்கவே முடியாது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. நானோ பெண்டாட்டி இல்லாதவன். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசாவிட்டாலும் நான் போகக்கூடாது. கருவாடு காயப்போடுகிற கொட்டகையில் படுத்தேன். கொசு ஒரு பக்கம், நாற்றம் ஒரு பக்கம், ஏரிக் காற்று ஒரு பக்கம். இரண்டாவது தடவை அங்கே படுத்து எழுந்தபோது காய்ச்சல். தபால்காரர்தான் தோளில் கைபோட்டு பஸ் ஏற்றிவிட்டார். "உனக்கு இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு? பகல்லியே வந்து குத்திக்கினு போய்டு" என்றார். அவர் சொன்னது சரி. பகலிலேயே வந்து போயிருக்கலாம். மணவாள நகருக்குப் போய்ப் படுத்திருக்கலாம். அங்கே போய்ப் படுக்கத்தான் எனக்கு மனசு இல்லை.

இத்தா முடிந்த பிறகு வந்த வியாழக்கிழமை அது. பெட்டியைத் திறந்தேன். கடுதாசி ஒன்றும் இல்லை. முத்திரைக்குப் பக்கத்தில், சிவப்பு நூல் கட்டிய ஓர் இரும்புச் சாவி கிடந்தது. யாரோ தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தபால்காரரைக் கூப்பிட்டேன். அவர் கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அது உன்னுது சார். ரெண்டு நாளா கெடக்குது, நான் தொட்ல" என்றார். எனக்குப் புரியவில்லை. "முன்னறை சாவி சார். நீ கொட்டாயில பட்து ஜொரம் வந்த சமாச்சாரத்த நான்தான் பாயம்மா காதுல போட்டேன். பாய் இருந்தா இன்னா செய்வாரோ அது நடக்கட்டும்னிச்சி. நீயா தொறந்துக்கோ, நீயா பூட்டிக்கோ, போறப்ப பொட்டில போட்டுடு, நான் எட்து பாயம்மாகிட்ட குட்த்துடறேன். அந்தம்மாவும் வெளிய வராது, நீயும் கூப்ட தேவல்ல. எவன் இன்னா பேச முடியும்?" என்றார். இரண்டே பேருக்குத்தான் அந்தப் பெட்டியைத் திறக்க முடியும், அவருக்கும் எனக்கும். கதவைத் திறந்துவிட ஆள் இல்லாத வீட்டில், ஒரு விருந்தாளியை உள்ளே விட அந்த அம்மாள் கண்டுபிடித்த வழி அது. நான் அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அறை அப்படியே இருந்தது. கொசுவலை துவைத்துக் கட்டியிருந்தது. பானையில் தண்ணீர், முக்காலியில் மூடிவைத்த சாப்பாடு, பக்கத்தில் கஷாயம். உள்கதவு மட்டும் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன். இருமல் கிளம்பியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை தனியாக, துக்கத்தோடு படுத்திருக்கிறாள். இடம் கொடுத்த பாவத்துக்கு அவள் தூக்கத்தையும் கெடுப்பதா? தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன். துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கண் பிதுங்கியது, நெஞ்சு வலித்தது. ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. பாய் என்னைத் தாராளமாக இருமச் சொன்ன அதே கட்டிலில், அடக்குவதில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். காலையில் கட்டிலில் விரித்த கோரைப்பாயை ஓரம் சீராக மடித்து வைத்து, அறையைப் பெருக்கி, பூட்டி, சாவியைப் பெட்டியின் வாயில் போடுவேன். டப்பென்று அது விழுகிற சத்தம்தான் நான் சொல்லிக்கொண்டு புறப்படுவதற்கு அடையாளம்.

இப்படியும் வருஷங்கள் போயின. உள்ளேயிருந்தும் சத்தம் இல்லை. பேச்சு இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை. வளையல் சத்தமும் இல்லை, அவர்தான் வளையலைக் கழற்றிவிட்டாரே. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர், மாதத்துக்கு ஓர் இரவு, ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்காமல் இருந்தோம். பிறகு ஒரு தடவை முக்காலியில் சாப்பாடு இருந்தது, கஷாயம் இல்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் இல்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. சாப்பாடு குறையவில்லை, கொசுவலை அழுக்காகவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஒரு டம்ளர் கஷாயம் என்ன பெரிய விஷயம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. பழகிய மரியாதைக்காகச் சாவியைப் போடுகிறாரோ, நான் வருவது பாரமாகிவிட்டதோ என்று ஒவ்வொரு வியாழனும் பெட்டியைத் திறக்கும்போது பயந்துகொண்டே திறப்பேன். சாவி இருக்கும். அப்பாடா என்று எடுத்துக்கொள்வேன்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது. வேர்க்கடலை விளைந்த மேட்டில் வேலி போட்டு, ஷெட் எழுப்பி, சங்கு ஊதத் தொடங்கினார்கள். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் ஊருக்குக் கடுதாசி எழுதித் தள்ளினார்கள். கம்பெனி வாசலில் எல்லாம் பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, கடுதாசி விழாத பெட்டிகளையெல்லாம் கழற்றி அந்தப் பக்கம் மாட்டச் சொன்னார். பாய் போனபின் குப்பத்துப் பெட்டியில் என்ன விழும்? தபால்காரர் கிண்டலாகச் சொன்னதுதான் உண்மை. "அந்த பொட்டில உன் சாவிய தவுத்து வேற ஒண்ணும் உழுவறதில்ல சார்." நான் இன்ஸ்பெக்டரிடம் மழுப்பிப் பார்த்தேன். குப்பத்து ஜனங்களுக்குச் சிரமம் என்றேன். "எழுதாதவங்களுக்கு என்னய்யா சிரமம்?" என்றார். பெட்டி போனால் எனக்கு அங்கே போகக் காரணம் போய்விடும் என்பதை எந்தப் பாரத்தில் எழுதிக் கொடுப்பது?

பெட்டியைக் கழற்றப் போனது ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல். ஏரியிலிருந்து காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. துருப்பிடித்த திருகை நான் திருக, தபால்காரர் பெட்டியைத் தாங்கிப் பிடித்தார். உள்ளே முத்திரையும் சாவியும் கிடந்தன. முத்திரை இலாகாவுடையது, பைக்குள் போட்டேன். சாவியைத் திருப்பிப் போட இனிப் பெட்டி இல்லை. முன்னறையைத் திறந்து உள்ளே போய், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த உள்கதவைப் பார்த்துப் பேசினேன்.

"பாயம்மா, பெட்டியை எடுத்தாச்சு. சாவியை முக்காலி மேல வெச்சிட்டுப் போறேன்."

நான் திரும்பும்போது குரல் வந்தது. பாய் இருந்த காலத்தில் கேட்ட அதே குரல், கொஞ்சம் கம்மியிருந்தது.

"சாவி உங்களாண்டியே இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு அந்த இருமலு எப்ப நின்னுச்சி?"

அவரே தொடர்ந்தார். "அவரு இருந்தப்ப நீங்க இருமிக்கினே இருப்பீங்க. அவரு போனப்புறம் இந்த ஊட்ல சத்தமே இல்ல. பொட்டில சாவி போட்டப்ப, அப்பாடா, இன்னிக்கி ஊட்ல ஒரு ஆளு இருமும், நாமளும் பயமில்லாம தூங்கலாம்னு நெனச்சேன். ஒண்ணுமே கேக்கல. செரி, நல்லாய்ட்ச்சி போலன்னு கஷாயத்த நிறுத்திட்டேன். நல்லாய்ட்டா சந்தோசம்தான். ஆனா ஊட்ல ஆளு கீதா இல்லியான்னே தெரியல. காலைல கோரப்பாய மடிச்சி வெச்சிருக்கறத பாத்துதான் தெரிஞ்சிக்குவேன்."

அப்போது வந்தது பாருங்கள். அத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அறையே அதிர்ந்தது. வாசலில் நின்ற தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

"அல்லாவே, இன்னும் கீதா!" என்றார் பாயம்மா. பிறகு சிரித்தார். சின்னப் பெண் போலச் சிரித்தார். "இத்தினி வருசமா அடக்கிக்கினா பட்த்திருந்தீங்க? எதுக்கு?"

"உங்க தூக்கம் கெடுமேன்னுதான்..."

"நல்லா பாத்தீங்க போங்க, என் தூக்கத்த" என்றார். சிரிப்பு நின்றிருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பொட்டி போனா போவட்டும். சாவி உங்களாண்டதான கீது. வழக்கமா வர்ற நாள்ல வாங்க. கஷாயம் வெக்கிறேன். இருமிட்டு போங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன. ஆனால் பாருங்கள், ஒரு மனிதன் வேலை வெட்டி எதுவும் இல்லாமல், சும்மா, இன்னொருவர் வீட்டுக்குப் போவது எப்படி என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. என் புதிய சுற்று தொழிற்பேட்டை. கும்மிடிப்பூண்டியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். ஃபேன் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, மூட்டைப்பூச்சி இல்லை, சௌகரியம் என்று பெயர். இருமினால் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் சட்டைப் பையில் சாவியைத் தொட்டுப் பார்ப்பேன். என்ன சொல்லிக்கொண்டு போவது, கையில் என்ன கொண்டுபோவது, குப்பத்தில் யாராவது கேட்டால் எந்தப் பெட்டியைப் பார்க்க வந்தேன் என்பது என்று யோசித்து யோசித்து பஸ்ஸை விடுவேன். கடைசியில் ஒரு வியாழன், பொன்னேரிக் கடையில் பனங்கற்கண்டு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டின் வாசல் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. தபால்காரர் ஓடி வந்தார். "எங்க சார் போய்ட்ட?" என்றார், கோபமாகவே. பாயம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டியதாம். மண்ணடியிலிருந்து தம்பி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். போன இடத்தில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையாம். "பொறப்படறப்ப தம்பிக்காரன் எல்லா கதவுக்கும் புது பூட்டு போட வந்தான். முன்னறைல கைய வெக்காத, அதுக்கு சாவி வெச்சிருக்கற ஆளு வரும்னு பாயம்மா சண்ட போட்டுச்சி. நீ வர்ற கெழமல எல்லாம் கஷாயம் வெச்சி வெச்சி பாத்துச்சி சார்."

முன்னறைப் பூட்டு பழையதுதான். சாவி சேர்ந்தது. கொசுவலை கட்டியிருந்தது. முக்காலியில் மூடி போட்ட டம்ளர். திறந்து பார்த்தால் அடியில் கஷாயம் வற்றி, கறையாகக் காய்ந்திருந்தது. பனங்கற்கண்டுப் பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். வெளிச்சம் போகும் வரை உட்கார்ந்திருந்தேன். இருமல் வந்தது. அடக்கவில்லை. பாய் சொன்ன மாதிரி தாராளமாக, நெஞ்சு நோக இருமினேன். ஒவ்வொரு தடவை இருமி முடித்ததும் கதவுப் பக்கம் காது கொடுத்தேன்.

அந்த வீட்டைப் பிறகு யாருக்கோ விற்றுவிட்டார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வேப்பம்பட்டுக்கு வந்தும் காலமாகிவிட்டது. ரயில் சத்தம் கேட்கிற வீடு, காற்றோட்டமான அறை, கொசுவலைகூட வாங்கிக் கட்டியிருக்கிறேன். கஷாயம் நானே போட்டுக்கொள்கிறேன், அந்த ருசி வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் நல்லவர். "சார், இந்த இருமலை டாக்டர்கிட்ட காட்டக்கூடாதா?" என்று அடிக்கடி கேட்கிறார். காட்டலாம். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது ஆணியில் சாவி ஆடும். ஒரு விரலால் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்து படுப்பேன். சில நாட்களில் இருமல் வருவதில்லை. வராத நாளில் நானாகவே ஒரு தடவை இருமிவிட்டுப் படுக்கிறேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டாமா?